படையலில் ஒரு பாட்டில்

மகன் இறந்து முதல் வருடப் படையல். அதிரசத்துக்குப் பக்கத்தில் நாறும்பூநாதன் கார்டன்ஸ் ஜின் பாட்டில் ஒன்றை வைத்தார்.

மனைவி பகவதி பதறினாள். "சைவ வீட்டுப் படையல்ல சாராயமா?"

"பிள்ளைக்குப் பிடிச்சதத்தான வைக்கணும்? இதைக் குடிச்சான்னுதான வீட்டவிட்டு வெரட்டுனேன். போன எடத்துல நாதியத்துச் செத்தான். இன்னைக்காவது குடிச்சிட்டுப் போட்டும்."

அப்போது மகனின் சிநேகிதன் ஆரிப் உள்ளே வந்தான். பாட்டிலைப் பார்த்துத் திகைத்தான்.

"என்னப்பா இது? கைலாசு குடிக்கவே மாட்டானே!"

"பொய் சொல்லாதலே. இதே பாட்டில்ல அவன் குடிக்குதத என் கண்ணால பாத்தேன்."

"அது நான் துபாய் ஓட்டல்லருந்து காலியாக் கொண்டாந்து குடுத்ததுப்பா. 'எரநூத்தம்பது வருசத்துக் கம்பெனிச் சரக்கு, வெள்ளக்காரன் மலேரியாவுக்குக் கொயினாவோட கலந்து குடிச்சது'ன்னு கதை கதையாச் சொல்லுவான். பாட்டில்ல இருக்க அந்தப் பன்னித்தலை முத்திரை மேல அப்பிடியொரு கிறுக்கு. அதுல ஆத்துத் தண்ணியத்தான் பிடிச்சு வச்சிக் குடிச்சான்."

நாறும்பூநாதன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"மோந்து பாருங்கப்பா, ஒரு தடவ மோந்து பாருங்க" என்று, விரட்டிய அன்று மகன் அவர் காலைப் பிடித்துக் கெஞ்சினான். அவரோ, துண்டால் மூக்கை இறுகப் பொத்திக்கொண்டுதான் பாட்டிலில் இருந்ததைச் சாக்கடையில் கொட்டினார்.