உண்ணிக் காய்ச்சல்

மாடுகளுக்கு வரும் உண்ணிக் காய்ச்சலைப் பற்றி ஆராய்ச்சி செய்ய, கால்நடைக் கல்லூரியிலிருந்து முத்தாபுதுப்பேட்டைக்கு வந்திருந்தார் உலகநாதன். அது 1971ஆம் வருஷக் கோடை.

தெருமுனையில் விசாரித்தபோது, "உண்ணி கடிச்சு செத்தது கன்னியம்மா ஊட்லதான்" என்று கைகாட்டினார்கள்.

வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த கன்னியம்மாவிடம், காய்ச்சலைப் பற்றி விசாரிக்க வந்திருப்பதாகச் சொல்லி நோட்டைப் பிரித்தார்.

"எத்தனை நாள் காய்ச்சல் இருந்ததும்மா?"

"நாலு நாளு சார். தண்ணிகூட உள்ள எறங்கல."

"உண்ணியைப் பார்த்தீங்களா?"

"காதுக்குப் பின்னால ஒண்ணு ஒட்டிக்கினு இருந்துச்சு. நான்தான் சீமெண்ணெய் தடவிப் புடுங்கினேன்."

"வயசு?"

"ஆடி வந்தா ஏழு."

இவ்வளவு தெளிவாகப் பதில் சொல்பவர்கள் அவருக்குக் கிடைப்பது அபூர்வம். உற்சாகமாக எழுதிக்கொண்டார்.

"எங்கே புதைச்சீங்க? நாளைக்கு ஆளோட வந்து தோண்டி, பரிசோதனைக்கு எலும்பு எடுத்துக்கணும். அப்பத்தான் மத்த மாடுகளையாவது காப்பாத்த முடியும்."

கன்னியம்மாவின் கை அப்படியே நின்றது.

"மாடா? எங்க ஊட்ல ஏது சார் மாடு? ஊரார் மாட்ட மேய்ச்சுக்கினு இருந்துச்சு எம் பொண்ணு கஸ்தூரி. அதத்தான் கேக்குறீங்கன்னு நெனச்சேன்."

உலகநாதன் எழுதிய பக்கத்தைக் கிழிக்கப் போனார்.

"கிழிக்காதீங்க சார்" என்று அவர் கையைத் தடுத்தாள் கன்னியம்மா. "அது செத்து இருவது நாளாச்சு. எப்டி செத்துச்சுன்னு வந்து கேட்டவரு நீங்க ஒருத்தர்தான்."