பெட்டி இனாம்

கடைக்காரர்கள் உண்மையை மறைப்பதால்தான் வாடிக்கையாளர்களுக்குக் கேடு வருகிறது என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. இது பெரும் பிழை. வாடிக்கையாளரிடம் உண்மையைச் சொல்லிப் பார்த்த எந்தக் கடைக்காரரும் அந்த நம்பிக்கையை ஒப்புக்கொள்ள மாட்டார்.

இர்பித் நகரின் பல்கலைக்கழகத் தெருவில் மின்சிகரெட் கடை வைத்திருக்கும் அபூ தைம் மீது ஒரு புகார். பேட்டரி வாங்க வருகிறவர்களிடம் பொய் சொல்கிறாராம். விசாரிக்க அதிகாரி ஹிஷாம் நேரிலேயே வந்துவிட்டார்.

"பேட்டரியைக் கால்சட்டைப் பையில வச்சா ஆண்மை போயிடும்னு சொல்றீங்களாமே?"

"ஆமாங்க ஐயா."

"எந்த டாக்டர் சொன்னார்?"

"ஒருத்தரும் சொல்லலை. நானா யோசிச்சதுதான்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "வெக்கமா இல்லை? பேட்டரி போட்டு வைக்கற பெட்டியை விக்கறதுக்கு இப்படி ஒரு புளுகா?"

"பெட்டி இனாம்தாங்க."

"அப்புறம் எதுக்குப் பொய்?"

"உண்மை போணியாகலை ஐயா. பேட்டரியோட ரெண்டு முனையிலயும் சாவி, சில்லறை பட்டா தீப்பிடிச்சுக்கும்னு ரெண்டு வருஷமா கத்தினேன். பெட்டியைக் காசுக்குக் கொடுத்தா, 'தலையில கட்டப் பாக்கறான்'னாங்க. இனாமாக் கொடுத்தா, 'பேட்டரியில ஏதோ கோளாறு, அதான் தாராளம் காட்டறான்'னாங்க. போன ரமலான்ல ஒருத்தனுக்குத் தொடை வெந்துபோச்சு. நான் சொல்லித்தான் அனுப்பினேன். ஆஸ்பத்திரியில அவன் அம்மா முகத்தைப் பாக்க முடியலை."

"அதெல்லாம் எனக்கு வேண்டாம். எச்சரிக்கறது உங்க கடமை. உண்மையைச் சொல்லி எச்சரிக்கணும். இனி இந்தப் பொய் உங்க வாயில வந்தா, கடைக்கு ஏழு நாள் அரக்கு முத்திரை. எழுதிக் கொடுங்க."

அபூ தைம் எழுதிக் கொடுத்தார். மை காய்வதற்குள் முஃதஸிம் என்ற இளைஞன் உள்ளே பாய்ந்தான்.

"அபூ தைம்! ரெண்டு பேட்டரி, சீக்கிரம். தையல்காரர்கிட்ட கோட்டு வாங்கணும். வியாழக்கிழமை எனக்குக் கல்யாணம்!"

அபூ தைம் அதிகாரியை ஒரு தரம் பார்த்துவிட்டு, பள்ளிக்கூடப் பாடம்போல் ஒப்பித்தார். "தம்பி, தனி பேட்டரியைச் சாவி சில்லறையோட போடாதே. தீப்பிடிக்கும். இந்தப் பெட்டியில போட்டுக்கோ. இனாம்."

"இனாமா? ஏன், பேட்டரி பழசா? என்கிட்டயேவா? வேற நல்லதா எடுங்க."

வேறு இரண்டு எடுத்துக் கொடுத்தார். முஃதஸிம் பெட்டியைத் தள்ளிவிட்டு, பேட்டரிகளைக் கால்சட்டைப் பையில் போட்டான். உள்ளே கார் சாவி கலகலத்தது.

அதிகாரியின் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா? உண்மையைச் சொல்லிட்டீங்க. உங்க பொறுப்பு இதோட தீர்ந்துது."

முஃதஸிம் கதவைத் திறந்தான்.

அபூ தைம் மேசைமேல் இருந்த தாளைப் பார்த்தார். அந்தக் கால்சட்டைப் பையைப் பார்த்தார்.

"டேய் மாப்பிள்ளை! ஆண்மை போயிடும்டா! வெள்ளிக்கிழமை காலையில மாமனார் முகத்துல எப்படி முழிப்ப?"

முஃதஸிம் தேள் புகுந்ததுபோலப் பையை உதறினான். பேட்டரிகள் தரையில் உருண்டன. ஒரு பெட்டிக்கு இரண்டாக வாங்கிக்கொண்டான். "முதல்லயே சொல்லக் கூடாதா? நீங்கள்லாம் மனுஷங்களா?" என்று திட்டிக்கொண்டே ஓடினான்.

அதிகாரி கடைக்கு முத்திரை வைக்கும் படிவத்தை நிரப்பினார். அபூ தைம் விளக்குகளை அணைத்துவிட்டு வெளியே வந்தார். கதவைச் சாத்தியதும் அதிகாரி அரக்கை உருக்கத் தொடங்கினார். பிறகு தெருவின் இரு பக்கமும் பார்த்தார்.

"அந்த விஷயம்... முழுக்கவே பொய்தானே?"

"அதைப் பத்தி நான் பேசக் கூடாதுங்க. எழுதிக் கொடுத்திருக்கேன்."

அதிகாரி கதவை மறுபடியும் திறந்து உள்ளே போனார். தன் மின்சிகரெட்டுக்காகக் கால்சட்டைப் பையில் வைத்திருந்த இரண்டு பேட்டரிகளையும் ஒரு பெட்டிக்குள் போட்டு எடுத்துக்கொண்டு வந்து, முத்திரையை வைத்தார்.