மேல்வீட்டுச் சாப்பாடு

சாப்பாட்டு மணி அடித்தும் என் மனைவி கிரேனை விட்டு இறங்கவில்லை.

கீழே எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம். கொக்கி அசையாமல் தொங்கியது. உச்சியில் கண்ணாடிக் கேபின் வெயிலில் பளபளத்ததே தவிர, உள்ளே ஆள் தெரியவில்லை.

சூப்பர்வைசர் வாக்கி டாக்கியில் கூப்பிட்டார். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டார். கரகர சத்தம்கூட வரவில்லை.

அப்போதே சொன்னேனே என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

சொன்னது வாஸ்தவம்தான். காலையில் ஏணியடியில் நின்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். பெருங்குடலை மொத்தமாக எடுத்துவிட்டு, வயிற்றில் மலம் சேர ஒரு பையை ஒட்டிக்கொண்டு வந்தவளை மேலே ஏற்ற அவருக்கு மனசில்லை. டாக்டரே சரி என்ற பிறகும் இவருக்குச் சரிப்படவில்லை. இன்று ஒரு நாள் பார்ப்பாராம். வேலை நடுவில் ஒரு தடவை இறங்கினாலும் போச்சு, கேபினுக்கு வேறு ஆள். இவள் கீழே நின்று விசில் ஊத வேண்டியதுதான்.

இவள் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"பை என் வயித்துல இருக்கு சார். உங்களுக்கு ஏன் கனக்குது?"

கேட்டுவிட்டு விறுவிறுவென்று ஏறிப் போய்விட்டாள்.

எனக்கும் கனக்கத்தான் செய்தது, பொய் சொல்வானேன். இதே சைட்டில் கம்பி கட்டுகிறவன் நான். உச்சிக் கேபினிலேயே இருப்பதால் இங்கே அவளுக்கு மேல்வீட்டக்கா என்று பெயர். எனக்கு மேல்வீட்டக்கா புருஷன் என்று பெயர். அதில் எனக்குப் பெருமைதான். ஆனாலும் அவள் ரத்தமாகப் போய்த் துவண்டதைப் பார்த்தவன் நான். நாளில் பல தடவை கக்கூஸுக்கு விழுந்தடித்து இந்த ஏணியில் இறங்கி, அதனாலேயே கேபினைப் பறிகொடுத்ததையும் பார்த்தவன். ஆபரேஷன் நடந்த அறையின் வாசலில், உயிரோடு வந்தால் போதும் என்று உட்கார்ந்திருந்தேன்.

அவளுக்கு அது போதவில்லை.

முன்பெல்லாம் மணி அடித்த கையோடு இறங்கிவிடுவாள். மேலேயே சாப்பிட்டாயிற்று என்பாள். காலையில் நான் கட்டிக்கொடுத்த டப்பா வழித்துத் துடைத்த மாதிரி காலியாக வரும். எல்லாம் என் கைப்பக்குவம் என்று நான் நெஞ்சை நிமிர்த்திக்கொள்வேன்.

அந்த நேரம் பார்த்து, சைட் கேட்டில் கிடக்கும் நாய் கிரேனடிக்கு வந்தது. மேலே பார்த்து ஊளையிட்டது.

அதற்கு அவள் மேல் தனிப் பாசம். மதியமானால் அவள் காலையே சுற்றும். கொழுகொழுவென்று இருந்த நாய், அவள் வேலைக்கு வராத மாதங்களில் பாதியாக இளைத்துவிட்டது. ஏக்கம் என்று பேசிக்கொண்டோம்.

வாயில்லா ஜீவனுக்கு ஏதோ தெரிந்துவிட்டது.

ஏணியைப் பிடித்தேன். என் தைரியமெல்லாம் நாலு மாடி வரைதான். அதற்கு மேல் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினேன். மயங்கிக் கிடக்கிறாளோ, தையல் விட்டுப்போயிற்றோ என்று படிக்கொரு கெட்ட நினைப்பு.

கேபின் கதவைத் தள்ளினேன்.

காலைத் தூக்கிக் கண்ணாடி விளிம்பில் போட்டுக்கொண்டு, மடியில் டப்பாவோடு உட்கார்ந்திருந்தாள். வாய் நிறையச் சாப்பாடு. வாக்கி டாக்கியை அணைத்து ஓரமாகப் போட்டிருந்தாள். மூலையில் தண்ணீர்க் கேன், மாற்றுப் பை, பையைக் காலி செய்ய மூடி போட்ட வாளி எல்லாம் ஒழுங்காக இருந்தன. குடித்தனமே வைத்துவிட்டாள்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு மூச்சுதான் இடம் கொடுக்கவில்லை.

அவள் என்னைப் பார்த்தாள். அவசரமே இல்லாமல் மென்றாள். நன்றாக மென்று விழுங்கிய பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"உப்பு கம்மிங்க. இத்தனை வருஷமா அந்த நாய் எப்படித்தான் குத்தம் சொல்லாம தின்னுச்சோ!"

கீழே நாய் மறுபடி ஊளையிட்டது.

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. வயிற்றில் ஏதாவது விழுந்தால் உடனே ஏணியில் ஓட வேண்டியிருக்கும் என்று, வேலை நேரத்தில் அவள் பட்டினியாகவே இருந்திருக்கிறாள். பக்கத்திலேயே இருந்து பார்த்தவனாம் நான்.

வாக்கி டாக்கியை எடுத்து ஆன் செய்தாள்.

"சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன் சார். சாயங்காலம்தான் இறங்குவேன்."

பிறகு ஒரு வாய் எடுத்து எனக்கு ஊட்டினாள். உப்பு கம்மிதான்.

நாளைக்குச் சரியாகப் போட வேண்டும்.