இரண்டு தட்டு

தகடு வெட்டும் மெஷினின் கத்தியை இறக்கும் முன் ஒவ்வொரு முறையும் பிலோமினா மெஷின் விளிம்பில் ஸ்பேனரால் இரண்டு தட்டு தட்டுவாள். பின்பக்கம் குனிந்து வெட்டுத்துண்டு பொறுக்கும் கருத்தப்பாண்டி உடனே கையை எடுத்துக்கொள்வார். பதினோரு வருடமாக அப்படித்தான். வேலைமுறையைச் சீராக்க வந்த ஆலோசகர் மூன்று நாள் ஸ்டாப்வாட்சோடு நின்றார். யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான்காம் நாள் சுவரில் ஒட்டிய சார்ட்டில் அந்தத் தட்டு மட்டும் சிவப்பில் அடிக்கப்பட்டிருந்தது.

"தடவைக்கு மூணு செகண்ட், நானூறு தடவை. இருபது நிமிஷம் வேஸ்ட்டும்மா."

"பின்னாடி ஆள் கை இருக்கு சார்."

"அவரு பழகிக்குவாரு."

எது பழகும், விரல் இல்லாமல் சோறு தின்பதா? பிலோமினாவுக்குக் காது மடல் வரை கொதித்தது. ஆலோசகர் ஸ்பேனரை வாங்கி அலமாரியில் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

மதியம் கருத்தப்பாண்டி சாப்பிடப் போன நேரத்தில் ஒரு துண்டு சிக்கியது. அதை எடுக்க எத்தனை விநாடி ஆகிறதென்று பார்க்க ஆலோசகரே பின்னால் போய்க் கையை உள்ளே விட்டார். பிலோமினா பொத்தான் மேல் விரலை வைத்தபடி சார்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எம்மா," பின்னாலிருந்து குரல் வந்தது. "தட்டிட்டுத்தான ஓட்டுவீங்க?"

"சாவி உங்க பையிலதான் சார் இருக்கு."