பூஜ்யம் வயசு

தடுப்பூசி போடும் இடத்தில், குழந்தைகளின் விவரத்தை அடுக்கி வைக்கும் டேட்டாபேஸ் ஒன்று இருந்தது. அதற்கு வருஷம் மட்டும்தான் எண்ணத் தெரியும்.

"மகிழினிப் பாப்பாவுக்கு ஊசி எப்போ அக்கா?" என்று பிரிண்டர் கேட்டால், "அவளுக்கு வயசு பூஜ்யம். எனக்கெப்படித் தெரியும்?" என்று முழிக்கும்.

ஒருநாள் அதற்கென்றே அளவெடுத்துச் செய்த எக்ஸ்டென்ஷன் என்ற குட்டித் துணை நிரலைக் கொண்டுவந்து வைத்தார்கள்.

"அக்கா, நான் நாளும் மாசமும் எண்ணுவேன். பேர் சொல்லி உள்ளே கூப்பிடுங்க."

"இத்தனூண்டு இருந்துக்கிட்டு நீயா?" என்று சிரித்தாலும், டேட்டாபேஸ் அதைக் கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டது.

மறுநாள், "மகிழினிக்கு ஒன்பது மாசம் முடிஞ்சுது. இன்னைக்கே ஊசி!" என்றது குட்டி.

சீட்டை அடித்துக்கொண்டே பிரிண்டர் கேட்டது: "இந்தப் பொடிசுக்கும் வயசு பூஜ்யம்தானே அக்கா?"

"வாயைக் கழுவு! எங்க குட்டிக்கு ஒரு நாள் ஆச்சு," என்றது டேட்டாபேஸ்.