தள்ளாட்டம்

வரப்பில் தள்ளாடிய தியாகராசன், தலையிலிருந்த நாற்றுக்கட்டோடு சேற்றில் விழுந்தார். நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்கள்.

"காலங்காத்தாலயே ஊத்திக்கிட்டாச்சா? தை மாசம் பொண்ணுக்குக் கல்யாணம்னு கொஞ்சமாவது நெனப்பிருக்கா?" அவர் மனைவி தர்மாம்பாள் போட்ட சத்தம் பூதலூர் ஸ்டேஷன் வரைக்கும் கேட்டிருக்கும்.

அவர் எழுந்தார். நத்தை ஓடு கிழித்துக் கால் பெருவிரலில் ரத்தம் கொட்டிக்கொண்டிருந்தது. அதைக் குனிந்துகூடப் பார்க்காமல் வீட்டைப் பார்த்து நடந்தார்.

அன்றைக்கென்று மாப்பிள்ளையின் தாய்மாமன் அவர்கள் வீட்டு வாசலில் வந்து நின்றிருந்தார். சம்பந்தி தள்ளாடி வருகிற அழகை நன்றாகவே பார்த்துவிட்டார். பின்னாலேயே ஓடிவந்த தர்மாம்பாள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"தப்பா நெனக்காதீங்க. இந்தக் குடிதான் இவரைக் கெடுக்குது. மத்தபடி கல்லு மாதிரி ஒடம்பு."

"அட, விடும்மா! எங்க வீட்டுல மட்டும் யாரு குடிக்கல? நோய் நொடி இல்லாத குடும்பமான்னு பாத்துட்டு வரச் சொன்னா எங்கக்கா. அது போதும்."

காபியைக் குடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே கிளம்பினார். குடிகார அப்பனுக்கு ஊரில் எப்போதும் மன்னிப்பு உண்டு.

மகள் வானதிதான் மன்னிக்கவில்லை. "மேடைக்கு நீங்க வரவேணாம்ப்பா. தாரை வாத்துக் குடுக்க சித்தப்பா இருக்காரு. என்னைக் கேவலப்படுத்தாதீங்க."

பெற்ற மகள் வாயிலிருந்து எந்தத் தகப்பனும் கேட்கக்கூடாத வார்த்தை அது. தியாகராசன் தலையை மட்டும் ஆட்டினார்.

பஸ்ஸுக்கு நேரமாகி அவள் போனதும், தர்மாம்பாள் கதவைத் தாழிட்டாள். தரையில் உட்கார்ந்து, அவர் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக் காயத்தில் மருந்தை ஊற்றினாள்.

"எரியுதாங்க?"

"ஒண்ணுமே தெரியல, தர்மா."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"வானதிகிட்ட மட்டுமாவது சொல்லிடட்டுமா?" என்று மெல்லக் கேட்டார் தியாகராசன்.

"வேணாங்க. அவ அழுதே காட்டிக் குடுத்துடுவா. கேன்சர் கால் நரம்புக்கும் பரவிடுச்சுன்னு தெரிஞ்சா, அவங்க சம்பந்தத்தையே முறிச்சுக்குவாங்க."

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"தாலி ஏறுற வரைக்கும் நீங்க குடிகாரராவே இருங்க."