கோட்டுக்குள் ஒரு முகம்

“யாரது கோட்டுக்குள்ள நிக்கிறது? மெஷின் மறுபடியும் நின்னுடுச்சு!”

ஸ்வாதி கத்தியதும், பத்தடி தள்ளி மண் குழைத்துக்கொண்டிருந்த சாலமோன் நிமிர்ந்து பார்த்தார். தரையில் வட்டமாக ஒட்டிய மஞ்சள் கோட்டுக்குள் ஒருவரும் இல்லை. நடுவில் இரும்புக் கை மட்டும், மூக்கில் களிமண் சொட்ட, அசையாமல் நின்றது.

“யாரும் இல்லியே மேடம்.”

“கேமரா பொய் சொல்லாது. ‘உள்ளே மனிதர்’னு திரையில வருது. உங்களை நம்பறதா, அதை நம்பறதா?”

மாமல்லபுரம் கடற்கரைச் சாலையில் எழும் அந்த விடுதிக்கு, மண்சுவரை இயந்திரமே அச்சிட்டுத் தரும் என்று சொல்லி வேலையைப் பிடித்தவள் ஸ்வாதி. கையில் பொருத்திய கேமரா ஒவ்வோர் அடுக்கையும் பார்க்கும். கோணியிருந்தால் அடுத்த அடுக்கில் கை தானே திருத்திக்கொள்ளும். கோட்டுக்குள் வரும் முகங்களை அது இரவும் பகலும் படம்பிடித்து வைக்கும். வேலை நடக்கும்போது வந்தால் நின்றும் விடும். ஸ்வாதியின் முகத்துக்காக மட்டும் நிற்காது. இவற்றையெல்லாம் முதல் நாளே ஒரு மணி நேரம் விளக்கினாள். மண்ணைக் குழைப்பதற்கு இரண்டு பேர் வேண்டும் என்பது அந்த விளக்கத்தில் இடம்பெறவில்லை.

அந்த இருவரில் இன்னொருவர் சாலமோனின் மனைவி பாப்பா.

“நாம கொஞ்ச நேரம் நின்னா கத்துறாங்க. அது காலையிலேர்ந்து நாலு வாட்டி நின்னுச்சு. அத்த ஒண்ணும் கேக்கல பாரு” என்றாள் கணவனிடம். பிறகு குரலை உயர்த்தினாள்: “மேடம், அது கன்னத்துல கறுப்பா இன்னாவோ கீது. அதான் கண்ணு தெரியலயோ? தொடைக்கட்டா?”

“தொடாதீங்க! அது கேமரா அளவெடுக்க வச்ச புள்ளி. தெரியாத விஷயத்துல கை வைக்காதீங்க.”

பாப்பா துணியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அந்நேரம் விடுதி உரிமையாளர் தமீம் காரிலிருந்து இறங்கினார். முழங்கால் உயரச் சுவரையும் நின்றுபோன கையையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இன்னாமா, பகலுக்குள்ள இடுப்பளவு வரும்னியே?”

“மெஷின்ல ஒரு குறையும் இல்ல சார். ஆளுங்கதான் குறுக்க வர்றாங்க.”

சாலமோன் மண்வெட்டியைக் கீழே வைத்தார். கை கடற்பக்கம் திரும்பும்போது மட்டுமே நிற்கிறது என்பதை அவர் காலையிலிருந்து கவனித்துவந்தார். கோட்டுக்கு வெளியிலேயே நடந்து அந்தப் பக்கம் போய், கோட்டை ஒட்டி உள்ளே நின்ற விளக்குக் கம்பத்தை அண்ணாந்து பார்த்தார்.

“மேடம், ஆளு சிக்கிட்டான்.”

கம்பத்தில் திருஷ்டி பொம்மை ஒன்று தொங்கியது. முறுக்கு மீசை, பிதுங்கிய விழி, நீட்டிய நாக்கு. கட்டடம் எழும் இடமெல்லாம் அதைக் கண்டு பழகியதால் ஒருவர் கண்ணிலும் அது தனியாகப் படவில்லை. கேமராவுக்கு அந்தப் பழக்கம் இல்லை.

ஸ்வாதியின் முகம் சிவந்தது.

“பாருங்க சார், இதுதான் இவங்க லட்சணம்! ரெண்டு வருஷம் உட்கார்ந்து நான் செஞ்ச மெஷினை வைக்கோல் பொம்மை காப்பாத்துமாம். கண்ணு பட்டா இரும்பு துருப்பிடிச்சிடுமா? இந்தக் காலத்துலயும் இப்படி ஒரு மூடநம்பிக்கை!”

“நாங்க கட்டலமா” என்றார் சாலமோன். “ஞாயித்துக்கிழமை ஆனா சர்ச்சுக்குப் போற ஆளுங்க. எங்களுக்கு இன்னாத்துக்கு இது?”

“எங்க போனா என்ன? படிக்காதவங்க புத்தி அப்படித்தான். உங்க ரெண்டு பேரையும் விட்டா இங்க வேற யார் இருக்கா?”

தமீம் தொண்டையைச் செருமினார். “சாலமோனு, பத்து வருசமா எங்கிட்ட வேலை செய்யறே. உண்மையச் சொல்லு. இல்லாட்டி நாளையிலேர்ந்து ரெண்டு பேரும் வர வேணாம்.”

பாப்பாவின் கை மண்ணுக்குள்ளேயே நின்றுவிட்டது. சாலமோன் தம் கைகளை லுங்கியில் நிதானமாகத் துடைத்துக்கொண்டார்.

“பாய், நேத்து சாயங்காலம் நாங்க கெளம்ப சொல்ல அந்தக் கம்பத்துல பொம்மை இல்ல. கம்பம் கோட்டுக்குள்ளதான் கீது. கட்டுனவன் மூஞ்சிய வூட்லயா வச்சிட்டு வந்திருப்பான்? உள்ள வர்ற மூஞ்சியெல்லாம் படம் புடிக்கும்னு மேடம்தான் சொன்னாங்க. எங்கள நம்ப வேணாம். அத்த கேளுங்க.”

“அதுக்கெல்லாம் இப்ப நேரம் இல்ல சார்” என்றாள் ஸ்வாதி. “குழாய்ல மண் காயுது. பொம்மையைக் கழட்டினா போதும்.”

“ரெண்டு பேரு பொழப்பு போகுது. ஒரு படம் பாக்க நேரமில்லியா?” தமீம் அவள் கையிலிருந்த பலகைக் கணினியைத் தாமே வாங்கி விரலால் தள்ளினார்.

பொம்மையை விட்டால், நேற்று மாலைக்குப் பிறகு கோட்டைத் தாண்டிய முகம் ஒன்றே ஒன்று.

தமீம் திரையைச் சாலமோனின் பக்கம் திருப்பினார். அக்குளில் மீசைக்காரப் பொம்மையை இடுக்கிக்கொண்டு, இயந்திரத்தின் கன்னத்தில் வைப்பதற்காக விரல் நுனியில் கண்மையை ஏந்தியபடி, ஸ்வாதி மிகுந்த பயபக்தியோடு கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.